வண்டிக்கடியில் காயாத ஆரத்தி

மைசூர்,
27-10-1996

சிரஞ்சீவி முரளிதரனுக்கு அக்காவின் ஆசிகள். இங்கு நாங்கள் நலம், உன் காரும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ துபாயிலிருந்து கொண்டுவந்து, பம்பாய் போகும்போது எங்களிடம் விட்டுப்போன அந்தக் கிளட்ச் இல்லாத காருக்கும் ஆயுத பூஜையன்று எதிர்வீட்டு அன்னபூர்ணி மாமி ஆரத்தி சுற்றிக் கொட்டினாள். மறுநாளும் வண்டிக்கடியில் சிவப்பு. அதற்கு மறுநாளும். "மாமிக்கு என்ன மனசு பார், தினமும் திருஷ்டி கழிக்கறா!" என்று உன் அத்திம்பேர் உருகினார். காயாத ஆரத்தியை நான் நம்புவதில்லை. தொட்டேன், வழவழவென்று எண்ணெய். வண்டியைக் கிளப்பிக் கியர் போட்டால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை! தீபாவளிக்கு உன் மாமனாரைப் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து இதில்தான் அழைத்து வருவதாக நீ பெருமையடித்து வைத்திருக்கிறாயே, உடனே மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினேன்.

மெக்கானிக் பசவராஜ் வந்து தளர்ந்திருந்த கியர் எண்ணெய்க் குழாயை இறுக்கினான். மிச்ச எண்ணெயின் அளவு பார்க்க, "எஞ்சின் ஆஃப் மாடிம்மா" என்று நிறுத்தச் சொன்னான். நான் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன்: சமதரையில், எஞ்சின் சூடாக ஓடும்போதே பார்க்க வேண்டும். "ஓடற எஞ்சின்ல கையை விடச் சொல்றாங்களே, சார்!" என்று அத்திம்பேரிடம் முறையிட்டான். "எம்.எஸ்ஸி. படிச்சவப்பா, நாம என்ன சொல்றது?" என்றார் அவர். எங்கள் தெருவோ சரிவு. நாலு பேர் தள்ளி, பிள்ளையார் கோயில் முன்னால் சமதரையில் நிறுத்தினோம். அத்திம்பேர் பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரையும் ஒரு சுற்று போட்டு, எஞ்சின் ஓட ஓடவே பார்க்கிங் கியரில் வைக்க, நானே அளவுக்கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டெடுத்தேன். நுனிகூட நனையவில்லை! இந்த ஊரில் கிடைக்காத அந்த எண்ணெயில் டிக்கியில் நீ வைத்திருந்த ஒரே டின்னைப் புதுப் புனல் வைத்து, கம்பி இருந்த குழாயிலேயே கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். குறியைத் தொட்டது. கியர் போட்டதும் வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது, முரளி! சாமுண்டி மலை ஏறி இறங்கி வந்தோம். வழியெல்லாம் நான் கூச்சல் போட்டேனாம். நானா!

ஆகவே நிம்மதியாக வா. பஸ்ஸை நினைக்கவே வேண்டாம். உன் மாமனார் மாமியாருக்கு எங்கள் நமஸ்காரம்.

உன் அக்கா,
குமுதா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அத்திம்பேர் வந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பார்த்தாராம், குறிக்கு மேலே இருந்ததாம். எஞ்சின் நின்றிருந்தால் அப்படித்தான் கூடுதலாகக் காட்டும் என்று புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே போட்டிருக்கிறது. "நீ ஜாஸ்தி ஊத்திட்டே, கொஞ்சம் எடுத்துடலாம்னு..." என்று அடியில் ஒரு திருகைக் கழற்றியிருக்கிறார். திருகு அவர் கையில், எண்ணெய் முழுவதும் தெருச்சரிவில். மாமி வாசலில் நின்று, "இவ்வளவு பெரிய ஆரத்தி யாருக்குடீ?" என்கிறாள். உன் மாமனாருக்குத்தான். பஸ்ஸில் அழைத்து வா.