சேலைத் தலைப்பில் சுற்றிய குடல்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வாய்மொழித் தேர்வில், கருவிலிருக்கும் ஒரு குழந்தையின் குடலைத் தப்பான பக்கம் சுற்றினேன்.
2. குடலாக நடித்தது என் சேலைத் தலைப்பு.
3. சுற்றியதை அவிழ்க்க முடியவில்லை.
4. அப்போதும் புன்னகைத்துக்கொண்டிருந்தேன்.

(நான்காவதைத்தான் இன்றும் தாங்க முடியவில்லை.)

மருத்துவபீடத்தில் அப்போது இரண்டாம் வருடம். எழுத்துத் தேர்வில் எல்லைக்கோட்டில் நிற்பவர்களை மட்டும் கூப்பிடும் வாய்மொழித் தேர்வு அது. பட்டியலில் என் பெயர் இருந்தது. தவறினால் எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் அடுத்த வருடத்துக்குப் போய்விடுவார்கள்.

பேச்சில் தடுமாறுவேன் என்று தெரியும். அதனால் கட்டாயம் வரும் என்று நம்பிய குடல் கேள்வியைச் செய்முறையாகவே காட்ட ஒரு வாரம் பழகினேன். கருவின் ஆறாம் வாரத்தில் வயிற்றில் இடம் போதாமல் குடல் தொப்புள்கொடிக்குள் போகிறது. பத்தாம் வாரமளவில் உள்ளே திரும்புகிறது. இதற்கிடையில் ஒரு நாடியை, அதாவது ரத்தக்குழாயை, சுற்றி முக்கால் வட்டம், முன்னாலிருந்து பார்ப்பவருக்கு மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது. இடது சுட்டுவிரல் நாடி, சேலைத் தலைப்பு குடல். குண்டசாலை வீட்டு அலுமாரிக் கண்ணாடியில் அச்சொட்டாக வந்தது.

அன்று காலை அம்மா ரொட்டியோடு வந்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போம்மா."

"வேணாம்மா. சாப்பிட்டா ரத்தமெல்லாம் வயித்துக்குப் போயிரும், மூளை வேலை செய்யாது."

"நேத்து மூணு வாட்டி சாப்பிட்டியே, அப்ப எங்க போச்சு ரத்தம்?"

பஸ்ஸுக்கு ஓடினேன்.

அறையில் இரண்டு பரிசோதகர்கள். ஒருவர் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார். மற்றவர் யாழ்ப்பாணத்து மெடம். தேர்வு ஆங்கிலத்தில்தான், திட்டும்போது மட்டும் தமிழுக்கு வருவார்.

குடலின் சுழற்சியைக் கேட்டார். என் மனம் குளிர்ந்தது. எழுந்து நின்று விரலை அவர் பக்கம் நீட்டி, தலைப்பை முக்கால் வட்டம் சுற்றி, புன்னகைத்தேன்.

மெடம் தமிழுக்கு வந்தார்.

"பிள்ளை, எனக்கு எந்தப் பக்கமாச் சுத்துது?"

பார்த்தேன். எனக்கு மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம். முன்னால் இருக்கும் அவருக்கு, மணிக்கூடு ஓடும் பக்கம்.

"கண்ணாடியைப் பாத்தே பாடமாக்கினனீர்?"

"ஓ... ஓமோம், மெடம்." (பயத்தில் நானும் யாழ்ப்பாணமாகிவிட்டேன்.)

"இப்பிடிச் சுத்தின குடலோட பிள்ளை பிறந்தா சத்திரசிகிச்சைக்குத்தான் கொண்டு போகவேணும். சரி, இரும்."

உட்கார முடியவில்லை. தலைப்பு விரலில் இறுகி, சேலை ஊசி குத்தியிருந்த தோளோடு இழுத்துக்கொண்டு நின்றது. விரல் நுனி நீலமானது. எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

அப்போதுதான் என் வயிறு கத்தியது. நீளமாக, மேலிருந்து கீழாக, சாவகாசமாக.

எழுதிக்கொண்டிருந்தவர் முதன்முறையாக வாய் திறந்து, "அது என்ன?" என்றார் ஆங்கிலத்தில்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வேறு வழியில் போய்விட்டது. வெறும் வயிற்றில் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கொரு தடவை ஓர் அலை எழும். இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசிவரை போகும். மிச்சம் மீதியையும் கிருமிகளையும் கூட்டித் தள்ளும். உள்ளே காற்றும் திரவமும் புரள்வதால் சத்தம் வரும். சாப்பிட்டதும் நின்றுவிடும். தடுமாறாமல் சொன்னேன். அதைத் தூண்டும் ஹோர்மோனைக் கேட்டார்கள், சொன்னேன். எங்கே சுரக்கிறது என்றார்கள், அதையும் சொன்னேன்.

மெடம் எழுந்து வந்து என் விரலை விடுவித்தார். சரியான பக்கம் சுற்றித்தான்.

"போய் ஏதாவது சாப்பிடும், பிள்ளை."

பெறுபேறு வந்ததிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இதைச் சொல்லாமல் தேநீர் கொடுப்பதில்லை: "எங்க மக பேசி பாஸ் பண்ணல. அவ வயிறு பேசி பாஸ் பண்ணுச்சு." என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் சொன்னார். அவர்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை.

நான் இப்போது சத்திரசிகிச்சை வார்ட்டில் வேலை செய்கிறேன். குடல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராவது கேட்டால், முதலில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.