கல்லோடு வந்த நண்டும் வாசல்வழி வந்த நிபுணரும்

கடல்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்குக் கூப்பிடாமலே வந்து சேரும் ஜீவராசிகள் இரண்டு வகை. ஒன்று, கிள்ளான் ஊர் மீன்கடையில் வாங்கிய பவளக்கல்லின் பொந்துக்குள் ஒளிந்து வருவது: கடுகளவு நண்டு, அரிசியளவு இறால், கண்ணாடியில் பேன்போல ஊரும் பேர் தெரியாத ஒன்று. இன்னொன்று வாசல் வழியாகவே வரும். கையில் பூதக்கண்ணாடி இருக்கும். தொட்டியை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே "இது இன்னதுதான்" என்று சொல்லிவிடும். நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவது இனத்தை.

இந்த இனத்துக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஏதாவது உண்டா? மூச்! தெரிந்த பூச்சிக்கு இங்கிலீஷ் பேர் சொல்லும். தெரியாத பூச்சிக்கு லத்தீன் பேர் சொல்லும். லத்தீனும் கைவிட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆபத்தானது" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்கும்.

எல்லாரும் இடுப்பில் பேஜரை மாட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி சிவசம்பு அங்கிள். நில அளவை இலாகாவில் ஓய்வு பெற்றவர். அவரிடம் வசமாக மாட்டியவர் அதே அடுக்குமாடியில் மேல்வீட்டு சபாபதி.

தொட்டியில் ஒரு மீன் செத்தால் சபாபதிக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மனைவி ரமணி ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு சாவு இந்த ஹால்ல விழுந்துச்சு, தொட்டி வெளியே போயிரும். ஆமா." சபாபதியும் முருகன் படத்தின்மேல் கைவைத்து ஒத்துக்கொண்டார். வேறு வழி?

அந்தத் தொட்டியில் அவருடைய உயிர் ஒரு சிவப்பு இறால். முதுகில் வெள்ளைக் கோடு, நீண்ட வெள்ளை மீசை, அதில் இடது மீசை பாதி உடைந்தது. பேர் மீசைக்காரன். தண்ணீருக்குள் கையை விட்டால் ஏறி வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும்.

ஒரு ஞாயிறு காலை மீசைக்காரன் மணலில் வெளிறிப்போய்ச் சாய்ந்து கிடந்தான். ரமணி பாசாரில் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அவர் செய்ததுதான் தப்பு. கீழே ஓடிப்போய், கூப்பிடாமலே வரக்கூடிய சிவசம்புவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

அங்கிள் சடலத்தைச் சாஸரில் எடுத்து வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, செருமினார்.

"தம்பி, இது கொலை. உள்ளுக்கு ஒண்டும் இல்லை, பாத்தீரோ? சதையை உறிஞ்சிப்போட்டு ஓடு மட்டும் விட்டிருக்கு. கல்லோட நண்டு ஏதும் வந்ததோ?"

"குட்டியா ஒண்ணு இருக்கு அங்கிள். காலெல்லாம் முடி. ஆனா அது பாசியைத்தான் தின்னுது..."

"முடியோ? அப்ப அவன்தான்."

பிறகென்ன, முன்பக்கக் கல்லையெல்லாம் புரட்டி, தரையெல்லாம் தண்ணீராக்கி, பொட்டளவு நண்டைப் பிடித்து மைலோ டின்னில் அடைத்தார்கள். கூடையோடு உள்ளே வந்த ரமணி சாஸரைப் பார்த்தாள்.

"செத்துப்போச்சா?"

"கொலை, பிள்ளை. ஆனா ஆளைப் பிடிச்சாச்சு," என்றார் அங்கிள் பெருமையாக.

"பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன லா? செத்தது செத்ததுதானே?"

அப்போதுதான் பின்பக்கக் கல்லுக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. பளபளவென்று புதுச் சிவப்பு. நேராக நடந்து வந்து, கல்லைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்த சபாபதியின் கையில் ஏறி நகத்தைச் சுரண்ட ஆரம்பித்தது. சங்கதி வேறொன்றுமில்லை. வளருகிற இறால் தன் பழைய மேலோட்டைச் சட்டைபோலக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஓடு இறுகும்வரை பதுங்கிக் கிடக்கும். உடைந்த மீசையும் அப்போதே முளைத்துவிடும்.

சபாபதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ரமணி, மீசைக்காரன் சாகலை! அங்கிள், நீங்களே சொல்லுங்க, இது நம்ம ஆளுதானே?"

ரமணியும் கூடையை இறக்கி வைத்தாள். "அங்கிள் சொன்னா சரி. அது இதுதான்னா தொட்டி இருக்கட்டும்."

சிவசம்பு சாஸரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி சாஸரைப் பார்த்தார். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சபாபதி இன்றைக்கும் சத்தியம் செய்வார். பிறகு அவர் செருமினார்.

"உங்கட ஆளுக்கு ஒரு மீசை பாதிதானே? இதுக்கு ரெண்டும் முழுசு. இது வேற ஆள். கல்லோட வந்தது."

அன்று சாயங்காலமே தொட்டி படியிறங்கியது. எங்கே போயிற்று என்கிறீர்களா? "தெரிஞ்ச ஆக்களிட்ட இருந்தால்தான் உயிர் தங்கும்," என்று அங்கிளே தன் ஹாலில் வாங்கி வைத்துக்கொண்டார். பாவம், நண்டு மட்டும் மைலோ டின்னோடு கிள்ளான் கடைக்கே நாடு கடத்தப்பட்டது. அடுத்த தடவை மணலில் ஓடு கிடந்தபோது, "மூண்டாவது ஆள் வந்திருக்கு," என்று அங்கிள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். சபாபதி ஞாயிறுதோறும் கீழே போய், அந்த மூன்றாவது ஆளிடம் நகத்தை நீட்டிவிட்டு மாடி ஏறுவார்.

நன்றாகச் சிரியுங்கள், வாசகரே. ஆனால் சாஸரில் ஓடு கிடந்தபோதே, "அட, சட்டை உரித்திருக்கும், இதுகூடத் தெரியாதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்களோ? அதுவும் செருமிக்கொண்டு சொன்னீர்களோ?