நாலாவது கேள்விக்குப் பதில்

சின்ன வயதில் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை முன்கூட்டியே கிட்டப் போய்ப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டவள் நான். கண் சரியில்லை என்று காட்டத்தான் போயிருந்தோம். ஆனாலும் பரீட்சை என்று வந்துவிட்டால் ஃபெயிலாகலாமா? கண்ணாடி போடாமல், கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தே டிகிரி வரைக்கும் வந்தேன். அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். (வந்திருந்தால் இந்தக் கதை ஏது!)

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் டியூஷன் எடுக்கிறேன். எப்பேர்ப்பட்ட மக்கையும் பாஸாக்கிவிடுவேன் என்று ஊரில் ஒரு பெயர். அப்படிப்பட்டவளின் மகன் ஜோயல், ஐந்து வயதாகியும் அம்மா என்று கூப்பிடவில்லை. பேர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்குவான். பள்ளியில் சேர்த்த சில வாரங்களில், மணிச்சத்தம் தாங்காமல் கேட்டைத் தாண்டி பஸ் ரோட்டுக்கே ஓடிவிட்டான்.

அன்று எச்.எம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஸ்டெல்லா, எனக்கு பயமா இருக்குதும்மா. மருத்துவ முகாம்ல டாக்டர் பாத்து, இவனுக்குக் கொறை இருக்குதுன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா ஸ்பெஷல் டீச்சர் வருவாங்க, இவன இங்கயே வெச்சுக்கலாம். இல்லீன்னா நீங்க வூட்லயே வெச்சுக்கங்க."

பரிசோதிக்கச் சொல்லி நானே பள்ளியில் எழுதிக் கேட்டேன். பால் வேன் ஓட்டும் என் கணவர் ஆரோக்கியத்துக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "எங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு. நீ எதுக்கு புள்ளைக்கு முத்திர குத்தற?" என்று கேட்டுவிட்டுச் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

முகாமுக்கு நாள் குறித்தார்கள். அங்கேதான் என் டியூஷன் புத்தி வேலை செய்தது. டாக்டர் முன்னால் டியூஷன் டீச்சர் மகன் வாயே திறக்காமல் நின்றால் என் மானம் என்னாவது? கேள்வி பதில் தயாரித்தேன். உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த ஊர், பால் தருவது எது, பெரியவனானால் என்னவாகப் போகிறாய். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு துண்டு கடலை மிட்டாய். (கடைசிக் கேள்விக்குப் பதில் கலெக்டர். வேறென்ன சொல்லிக்கொடுப்போம்?) முதலில் மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டான். பிறகு ஒருநாள் ஐந்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டான். அன்று அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அவன் குரலை அவ்வளவு நேரம் நான் கேட்டதே இல்லை.

முகாமுக்குப் பவுடர் பூசி, ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டுக் கூட்டிப்போனோம். மிட்டாய் என் கைப்பையில் தயாராக இருந்தது. டாக்டரம்மா சிரித்தபடி ஆரம்பித்தார்.

"உன் பேரு என்ன கண்ணு?"

"ஜோயல்."

"அப்பா பேரு?"

"ஆரோக்கியம்."

"எந்த ஊரு?"

"காரிமங்கலம்."

நம் பக்கத்தில் குழந்தையைப் பார்த்தால் எல்லோரும் இதைத்தானே கேட்பார்கள்! மேசைக்கடியில் ஒவ்வொரு துண்டாக நீட்டிக்கொண்டே, பின்னால் காத்திருந்த தாய்மார்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் பேனாவை மூடினார்.

"நல்லாத்தான பேசறான். எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"அதத்தாங்க மேடம் நானும் சொல்றேன்," என்று ஆரோக்கியம் எழுந்தே விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன் பாஸாகிவிட்டான். பாஸானால் ஸ்பெஷல் டீச்சர் கிடையாது. அவர் இல்லாவிட்டால் பள்ளிக்கூடமும் கிடையாது. "மேடம், அத்தனையும் மனப்பாடமுங்க! அவனுக்கு ஒண்ணும் புரியாதுங்க!" என்று கத்தினேன். அறை முழுக்கக் கேட்டது.

"பெத்தவ பேசற பேச்சா இது?" என்றார் கணவர்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜோயலிடம் குனிந்து என்னைக் காட்டினார்.

"கண்ணு, இது யாரு?"

அவனுக்கு அது நாலாவது கேள்வி.

"பசு," என்றான். மிட்டாய்க்குக் கையை நீட்டினான்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அறையே சிரித்தது. அந்தச் சத்தத்தில் ஜோயல் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்து, தலையைத் தரையில் மோத ஆரம்பித்தான். சிரிப்பு நின்றது. டாக்டர் தரையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அவனைக் கவனித்தார். எங்களிடம் ஆட்டிசம் என்றார். பேனாவை மறுபடி திறந்தார்.

என்னை மாடு என்று சொன்னவனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். ஆனால் அந்த ஐந்து கேள்விகளில் 'அம்மா யாரு' என்பதை நான் சேர்க்கவே இல்லை. எத்தனை மிட்டாய் கொடுத்தாலும் அதற்குப் பதில் வராதோ என்று பயம்.

ஆரோக்கியம் வெளியே போய் வேனுக்குப் பின்னால் நின்று அழுதார். பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினார். வாசலில் வேனை நிறுத்திவிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே, "எறங்கு, பசு," என்றார். இருவரும் சிரித்தோம். அழுகையோடுதான் சிரித்தோம். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பேர். "பசு, டீ இருக்குதா?" என்றுதான் இன்றைக்கும் உள்ளே வருவார்.

ஸ்பெஷல் டீச்சர் வந்தார். ஜோயல் இப்போது அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. என் போட்டோவைக் காட்டினால் அம்மா என்கிறான். அதைச் சொல்ல வைப்பதற்குள் அந்த டீச்சர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் இடி இடித்தாலோ, குக்கர் விசில் அடித்தாலோ, அலறிக்கொண்டு ஓடிவந்து என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "பசு, பசு" என்பான். டியூஷன் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் திருத்தாமல் விடும் தப்பான விடை அது ஒன்றுதான்.