சகாராவில் முளைத்தது

செவ்வாய்க்கிழமை காலை சகாரா பாலைவனத்தில் முளை விட்டிருந்தது.

இளவரசி குனிந்து பார்த்தாள்; முளையேதான். தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அவள் தற்காலிகப் பூகோள டீச்சர். மேசை மேல் அவள் செய்து வைத்திருந்த ஆப்பிரிக்காவைப் பார்க்க வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் அடுத்த வருஷம் வேலை.

பூமத்திய ரேகையில் மழைக்காடு, அதற்குப் பாசி. மேலே போகப் போக மழை குறைந்து புல்வெளி, அதற்கு அருகம்புல். அதற்கும் மேலே வெறும் மணல். பேருக்குக்கூடப் பச்சை இருக்கக் கூடாத அந்த இடத்தில்தான் ஏழெட்டு முளைகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன.

அறையைப் பூட்டியது அவள்தான். சாவி அவள் கைப்பையில்.

கீழே ஹாலில் நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்டிக்கொண்டிருந்த பியூன் பரமசிவத்திடம் ஓடினாள்.

"அண்ணே, பூகோள ரூமுக்குள்ள யாராச்சும் போனாங்களா?"

"என்னைத் தாண்டி எவன் போவான் டீச்சர்?"

முளைகளைப் பிடுங்கிப் போட்டாள். புதன்கிழமை இரண்டு மடங்காக வந்திருந்தது. அத்தனையும் கதவுப் பக்கம் சாய்ந்து அவளையே பார்ப்பது போலிருந்தது.

உப்பைக் கரைத்து ஊற்றினாள். அது தெற்கே வழிந்தது. வியாழக்கிழமை காங்கோ காடு கருகிக் கிடந்தது. சகாரா தளதளவென்று நின்றது.

இனிமேல் பூகோளம் உதவாது. சிக்னலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து விற்ற பையனிடம் ஒரு திருஷ்டிச் சரம் வாங்கி எகிப்தில் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தாள். சகாரா முழுக்கப் பச்சை. நடுவில் வட்டமாக ஏதோ பளபளத்தது. குனிந்தாள். உள்ளேயிருந்து வெளிறிய முகம் ஒன்று அவளை அண்ணாந்து பார்த்தது.

அலறிவிட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அது கண்ணாடி. முகம் அவளுடையதுதான். கண்ணாடி யாருடையது?

"என்னம்மா, பாலைவனத்துல தோட்டமா?" பின்னால் இன்ஸ்பெக்டர் செந்தில்குமார் நின்றிருந்தார்.

இளவரசி உள்ளதைச் சொன்னாள். "சார்... அதுவா முளைக்குது சார்."

அவர் மேசை மேல் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ஆறேழாயிரம் வருஷம் முன்னாடி சகாரா பச்சையாத்தான் இருந்துச்சு. மழை இடம் மாறினா எந்தக் காடு காயும், எந்தப் பாலைவனம் துளிர்க்கும்னு காட்டியிருக்கீங்க. நடுவுல ஏரி வேற! பஹுத் அச்சா!"

அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டார்.

வேலை பிழைத்தது. ஆனால் இந்த அறையில் இன்னொரு வருஷம் தனியாக நிற்க வேண்டுமே. முதுகுக்குப் பின்னால் கதவு கிறீச்சிட்டது.

பரமசிவம்தான். இடுப்பில் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து, இரண்டு கையிலும் பொம்மை.

"டீச்சர், இந்தக் கொலுப் பார்க்குல வெந்தயம் நல்லா வந்திருச்சு, குளமும் வெச்சாச்சு, செட்டியாரை எங்க உக்கார வைக்கட்டும்?"