டோக்கன் கூப்பிடுகிறவரின் தாடை

விவேக் நகரிலுள்ள நகரவாசிகள் வசதி வாரியத்தில் டோக்கன் எண் காட்டும் மின்பலகை பதினோரு வருடங்களாகப் பழுதுபார்க்கப்பட்டு வருகிறது. அது சரியாகும் வரை, தற்காலிக ஏற்பாடாக, மதலைமுத்து என்ற ஊழியர் எண்களை உரக்கக் கூப்பிட்டு வந்தார். கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை. கூட்டம் அதிகமானால் உருதுவும் உண்டு. இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவருடைய தாடை மூட்டு வீங்கி, வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்துவிட்டது.

பிரேசர் டவுன் பல் டாக்டர் அந்த வாயில் மூன்று விரல்களை நுழைக்க முயன்று, ஒன்றோடு திருப்தியடைந்தார். மூட்டுக்குள் ஊசியால் ஓசோன் வாயு ஏற்றிப் பார்க்கலாம், சிலருக்கு வலி குறைந்திருக்கிறது என்றார். அதுவரை கத்தவே கூடாது, இன்னொரு தடவை கத்தினால் மூட்டு அப்படியே பூட்டிக்கொள்ளும் என்றும் எச்சரித்தார். மதலைமுத்து இட்லி தின்று நாற்பது நாளாகியிருந்தது. மனைவி பெர்னதெத் ராகிக் கஞ்சியில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிகிச்சைக்கு அனுமதியும் லீவும் கேட்டு அவர் வாரியத்துக்கு மனு எழுதினார்.

அந்தச் சமயம் வாரியத்தில் எல்லோருக்கும் ஓசோன் மோகம். சூப்பிரண்டு வேதநாயகி அம்மாள் வீட்டில் கத்தரிக்காயை ஓசோனில்தான் கழுவினார்கள். டைப்பிஸ்ட் கிருத்திகா முகத்துக்கு ஓசோன் ஏற்றிக்கொண்டு வந்து மூன்று நாள் யாரிடமும் சிரிக்கவில்லை. இவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நோய்க்காக ஓசோன் வேண்டும் என்றவர் மதலைமுத்து ஒருவர்தான். ஆகவே விசாரணை அவசியமாயிற்று.

"இது வாயுதானே?" என்றார் அதிகாரி ஹரிஷ்குமார்.

"ஆமா சார்," என்றார் மதலைமுத்து, பல்லிடுக்கு வழியாக.

"உள்ள போறது வெளிய வருமா, வராதா?"

"தெரியல சார்."

"அப்ப எமிஷன் டெஸ்ட் சர்டிபிகேட் கொண்டு வாங்க. வண்டிக்கு ஒரு ரூல், உங்களுக்கு ஒரு ரூலா?"

ரோட்டோரத்தில் புகைச் சோதனை வேன் வைத்திருந்த சந்திரன் எதற்கும் அசராதவர். "பெட்ரோலா டீசலாண்ணா?" என்று கேட்டார்.

"கஞ்சி," என்றாள் பெர்னதெத்.

"அந்த ஆப்ஷன் கம்ப்யூட்டர்ல இல்லக்கா. பெட்ரோல்னே போட்டுக்கறேன்." சோதனைக் குழாய் வாய்க்குள் போகாததால் மூக்கில் வைத்துப் பார்த்தார். மதலைமுத்துவால் காற்றுக்குக் கேடில்லை என்று ஆறு மாதத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அந்த வாரம் மதலைமுத்து கத்தவில்லை. எண்களைச் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினார். வேலை ஒழுங்காக நடந்தது. அதனாலேயே விஷயம் ஹரிஷ்குமாரின் கவனத்துக்கு வந்தது. மனு கொடுக்கக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை, நாற்பத்தாறாம் எண் முடிந்ததும், அவர் சிலேட்டைப் பறிமுதல் செய்தார். "ஒரு பலகை ரிப்பேர்ல இருக்கறப்ப இன்னொரு பலகை வைக்கக் கூடாது."

மனுவைச் சான்றிதழோடு ஏழாம் கவுண்டரில் கொடுக்க மதலைமுத்துவும் டோக்கன் எடுத்திருந்தார். எண் நாற்பத்தேழு. முகவரி மாற்ற வந்த எனக்கு நாற்பத்தெட்டு. கூப்பிட வேண்டியவர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் ஒருவரும் நகரவில்லை.

"சார், எங்க நம்பரக் கூப்பிட ஆள் இல்லீங்களே," என்று பெர்னதெத் கவுண்டரில் இருந்த ஹரிஷ்குமாரிடம் போய் நின்றாள்.

"அவர் இடத்துல வேற ஆள் போடணும்னா அவர் லீவுல போகணும்மா. லீவு வேணும்னா மனு கொடுக்கணும். மனு கொடுக்கணும்னா நம்பர் கூப்பிடணும். நம்பர் கூப்பிடறது யார் வேலை?"

"அவர் வேலைதான்."

"பாத்தீங்களா? நான் என்ன பண்றது, சொல்லுங்க."

மணி ஒன்று தாண்டியது. ஒன்றரைக்குக் கவுண்டர் மூடும். எனக்கு அரைநாள்தான் லீவு. சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். "ஒரே ஒரு தடவை கூப்பிட்டுடுங்கண்ணா," என்று முதலில் சொன்னவன் நான்தான். உடனே மண்டபம் முழுக்க அதையே சொன்னது.

"வேணாங்க, டாக்டர் சொன்னாருல்ல," என்று பெர்னதெத் அவர் கையைப் பிடித்தாள். அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து நின்று, "நாற்பத்தேழு!" என்று கத்தினார்.

தாடையில் டக்கென்று ஏதோ இறங்கிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

ஹரிஷ்குமார் மனுவை முழுவதும் படித்துவிட்டு எழுதினார்: 'மனுதாரர் இன்று மண்டபம் முழுவதும் கேட்கும்படி தமது எண்ணைத் தாமே அழைத்தார். ஆகவே தாடை நல்ல நிலையில் உள்ளது. சிகிச்சை அவசியமில்லை.' பிறகு, "ஆட்சேபணை இருந்தா மனுதாரரே வாயால சொல்லலாம்," என்று பேனாவை மூடாமல் ஒரு நிமிடம் பெருந்தன்மையோடு காத்திருந்தார். மதலைமுத்து முயன்றார். அரை விரல்கூடத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது.

"அவர் கூப்பிட்டதுக்கு ஒரு சாட்சி வேணும். பக்கத்துல யார் இருந்தது? நீங்களா? வாங்க, சாட்சிக்கு டோக்கன் வேண்டாம்."

"தாடை போன சத்தமும் கேட்டுச்சு சார்," என்றேன்.

"அதுக்குப் பாரத்துல இடம் இல்ல. நம்பர் கேட்டுச்சா, இல்லையா? மணி ஒண்ணு இருபத்தெட்டு. உங்க அட்ரஸ் மாத்தணுமா, வேண்டாமா?"

வெட்கமாகத்தான் இருந்தது. பெர்னதெத் பக்கம் திரும்பாமல் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே சாட்சியின் முகவரிக்கு இடம் விட்டிருந்தது. பழையதை எழுதவா, புதியதை எழுதவா என்று மட்டும் கேட்டேன்.