மன அமைதி: 4.10 முதல் 4.20 வரை

“இன்னா டாக்டரம்மா, வந்ததுலேர்ந்து எழுதிக்கினே கீற?”

“இன்னிக்குச் செய்ய வேண்டிய வேலைங்கம்மா.”

“எவ்ளோ கீது?”

“முப்பத்தேழு.”

“இதுவரிக்கும் எத்தினி முடிச்ச?”

மகிமா தாளைப் பார்த்தாள். “ஒண்ணு. பட்டியல் எழுதுறது.”

“அத்தையும் எழுதி வச்சிக்கிறியா?”

எழுதித்தான் வைத்திருந்தாள். முதல் வரியே அதுதான். பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக் வேறு. ஏழாம் நம்பர் படுக்கையில் கிடந்த சொக்கம்மாள், காத்திவாக்கத்தில் இறால் விற்பவள், பித்தப்பையில் கல்லோடு வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். அப்படியும் சிரித்தாள்.

வாசகர்களே, பட்டியல் டாக்டர் என்ற இனத்தை இப்படித்தான் அடையாளம் காண வேண்டும். படித்து முடித்துவிட்டு, ஓராண்டுப் பயிற்சிக்காக வார்டுக்குள் வந்து விழும் புது டாக்டர்களில் பத்துக்கு மூன்று பேராவது இந்த இனம். கோட்டின் மேல் பையில் நான்கு பேனா இருக்கும். சிவப்பு அவசரத்துக்கு, நீலம் ரத்தப் பரிசோதனைக்கு, பச்சை முடிந்ததற்கு, ஊதா வாழ்க்கைக்கு. ஆமாம், வாழ்க்கைக்கும் ஒரு நிறம் உண்டு. வேலையும் வாழ்க்கையும் சமநிலையில் இருக்க வேண்டும் என்று யாரோ எங்கோ சொல்லிவிட்டார்களாம். அதனால் மகிமாவின் தாளில் ஊதா நிறத்தில் இப்படியெல்லாம் இருந்தது: தண்ணீர் குடிக்க, எட்டு முறை. முதுகை நிமிர்த்த, மணிக்கு ஒரு தடவை. அம்மாவுக்கு போன், 1.30. மன அமைதி, 4.10 முதல் 4.20 வரை.

அதற்கு மேல் அமைதியாக இருக்க முடியாது. 4.21க்கு எட்டாம் படுக்கைக்குக் கட்டு மாற்ற வேண்டும்.

மகிமாவின் அப்பா வண்ணாரப்பேட்டையில் நோட்டுப் புத்தக மொத்தக்கடை வைத்திருக்கிறார். நோய் எங்கிருந்து தொற்றியது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கூடவே பயிற்சிக்கு வந்த ஜோபினுக்குத் தாளே கிடையாது. இடது முழங்கைவரை பால்பாயின்ட்டில் கிறுக்கி வைத்திருப்பான். ஒருமுறை கை கழுவினால் பாதி வேலை தண்ணீரோடு போய்விடும். “முக்கியமான வேலையா இருந்தா யாராவது வந்து திட்டுவாங்க மகி, அப்ப ஞாபகம் வந்துரும்” என்பான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் மகிமாவுக்கு உண்மையாகவே பரிதாபமாக இருக்கும்.

அன்றைய பட்டியலில் சிவப்பில் இருமுறை அடிக்கோடிட்ட வரி ஒன்றுதான். மறுநாள் காலை சொக்கம்மாளுக்கு ஆபரேஷன். அதற்குப் பொருத்தமான ரத்தம் எடுத்து வைக்க, அவள் ரத்த மாதிரி பகல் பன்னிரண்டுக்குள் ரத்த வங்கிக்குப் போய்ச்சேர வேண்டும். சேராவிட்டால் பெயர் தள்ளிப்போகும். ஏற்கெனவே காய்ச்சலால் ஒருமுறை, சர்க்கரை ஏறியதால் ஒருமுறை தள்ளிப்போன பெயர் அது. மூன்றாவது முறையும் தள்ளினால் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப வரமாட்டேன் என்று சொக்கம்மாள் வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னால் செய்வாள்.

பத்து மணிக்கு மகிமா ரத்தம் எடுத்தாள். குழாயில் பெயர் ஒட்டினாள். ரத்தம் கேட்கும் படிவத்தை மடித்து அதோடு சேர்த்துக் கோட்டுப் பையில் போட்டாள். பச்சைப் பேனாவைத் திறந்து ஒரு டிக் போட்டாள். ஆகா, அந்த டிக் போடும் சுகம் இருக்கிறதே!

பதினொன்றரைக்குள் தாளில் அம்புக்குறிகளும் அடித்தல் திருத்தல்களும் சேர்ந்து, ஓர் ஓரத்தில் சாம்பாரும் சிந்தி, பார்க்கவே சகிக்கவில்லை. இந்த இனம் சகிக்காத ஒரே நோய் அசிங்கமான பட்டியல். மகிமா நர்சு மேசையில் உட்கார்ந்து, ஸ்கேலால் கோடு போட்டு, புதுத் தாளில் எழுத ஆரம்பித்தாள். டிக் போட்டதையெல்லாம் மறுபடி எழுதுவார்களா? மாட்டார்கள். முடிந்தது முடிந்ததுதானே. சொக்கம்மாள் என்ற பெயர் உலகத்திலிருந்தே சுத்தமாக நீங்கியது.

பன்னிரண்டுக்கு இன்னும் எட்டு நிமிடம்.

“என் ரத்தம் பூட்ச்சா, டாக்டரம்மா?”

“எப்பவோ போயாச்சும்மா. இதோ பாருங்க, பச்சை டிக்.” கோட்டுப் பையிலிருந்து பழைய தாளை இழுத்துக் காட்டினாள்.

“அப்போ உன் பாக்கெட்டாண்ட எட்டிப் பார்க்குதே, அது யார் ரத்தம்?”

மகிமா குனிந்து பார்த்தாள். சிவப்புக் குழாய். சொக்கம்மாள், வயது 52, படுக்கை எண் 7. சொந்தக் கையெழுத்து, மிக அழகாக.

அதற்கப்புறம் நடந்தது எந்தப் பட்டியலிலும் இல்லாத வேலை. லிப்ட் வரவில்லை. மூன்று மாடி இறங்கி, புறநோயாளிகள் வரிசையைப் பிளந்துகொண்டு, “ஏ, டாக்டரே ஓடுது பாரு, இன்னாவோ நடந்துபூட்ச்சு!” என்று ஒருவர் கத்த, காரணம் தெரியாமலே நாலு பேர் கூட ஓட, கோட்டுப் பையிலிருந்த பேனாக்கள் ஒவ்வொன்றாக உதிர, கடைசியாக ஊதாவும் விழ, அதை எடுக்கக்கூட நிற்காமல் அவள் ரத்த வங்கியின் ஜன்னலில் போய் மோதினாள். உள்ளே வேலப்பன், அங்கே மாதிரி வாங்கி வைப்பவர், பதிவேட்டை மூடப்போனவர், கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் ஒரு நிமிசம் இருக்கு. மூச்சு விட்டுக்குங்க டாக்டர்.”

படிவத்தை வாங்கிப் பிரித்தவர், அதோடு சேர்ந்து வந்துவிட்ட பழைய பட்டியலை நிதானமாக வாசித்தார். “மன அமைதி, நாலு பத்து முதல் நாலு இருபது வரை. இது எந்த குரூப் ரத்தம்மா?”

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. கல் வெளியே வந்தது. மகிமா இன்னும் பட்டியல் எழுதுகிறாள். எழுதாமல் இருந்தால் அது அந்த இனமா? ஆனால் குழாய் கையைவிட்டு ரத்த வங்கியின் கைக்குப் போகும்வரை பச்சைப் பேனா மூடியே இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் போனில் காலை ஐந்தே காலுக்கு ‘நடைப்பயிற்சி’ என்று ஓர் அலாரம் இருக்கிறதல்லவா? தினமும் அதை அணைத்துவிட்டு, ஏதோ நடந்து வந்தவர் மாதிரி நிம்மதியாகத் திரும்பிப் படுக்கிறீர்களே, அது எந்த நிற டிக்?

அந்தக் காலை, ஆபரேஷன் அறைக்குப் போகும் தள்ளுவண்டியில் படுத்தபடி, மகிமாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சொக்கம்மாள் கேட்டது இவ்வளவுதான்: “கண்ணு, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் என் பேரை அந்தச் சீட்டுல எய்தாத. மன்சுல வச்சிக்கினு வா.”