ஆஃப்சைடு அண்ணனும் ஒன்பதாவது கோப்பையும்

கால்பந்துக் கோப்பை ஆட்டத்தை நடத்தித் தர வந்த இடத்தில், மைக்கைக் கேட்டு வாங்கி, "இந்த ஆட்டமே தேவையில்ல" என்று அறிவித்துவிட்டு விசில் ஊதிய நடுவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஆம்பூர்க்காரர். எங்களுக்கு ஆஃப்சைடு அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு டேனரியில் தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. கண்ணைவிடக் கட்டைவிரலைத்தான் நம்புவார். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே பந்தைத் தடவிப் பார்த்து, "இது தோலே இல்ல, ரெக்ஸின். வேற எடுத்துனு வா" என்று சொல்லி, இருபத்திரண்டு பேரையும் கால் மணி நேரம் வெயிலில் காய வைத்தார்.

நான் அப்போது வேலூரில் ஒரு கல்லூரி அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். ஜனவரியில் கல்லூரிகளுக்கான லீக் முடியும். முடிந்த வாரமே கோப்பைகள் தொடங்கிவிடும். ஷூ கம்பெனிக் கோப்பை, பிரியாணிக் கடைக் கோப்பை, பள்ளிகொண்டாவில் கல்யாண மண்டபம் திறந்ததற்கு ஒரு கோப்பை. லீக்கில் கடைசியாக வந்த அணிக்கும் ஏதாவது ஒன்றில் இறுதிப் போட்டி கிடைத்துவிடும். எங்கள் ஹாஸ்டலில் வென்ற கோப்பைக்குள் சோப்பு வைத்துக்கொண்டு குளிக்கப் போவோம்.

"லீக்ல கடைசியா வந்தவனுக்கு இன்னாத்துக்குப்பா கப்பு?" என்று ஆஃப்சைடு அண்ணன் ஒவ்வொரு மைதானத்திலும் சண்டை பிடிப்பார்.

கோப்பைக் கமிட்டியின் செயலாளர் ஒரு செருப்புக் கடைக்காரர். அவரும் விடமாட்டார். "அந்தப் பசங்களுக்கும் ஆசை இருக்காதா அண்ணே? இந்தக் கப்பு நடக்கறதாலதான கம்பெனிக்காரங்க ஆட்டத்தப் பாத்து வேலை தர்றாங்க?"

"வேலை தரட்டும். இத்தினி ஆட்டம் ஆடி உடைஞ்ச கால எவன் தருவான்?"

நான் செயலாளர் கட்சி. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

அந்த வருடத்தின் ஒன்பதாவது கோப்பைக்கு ஆம்பூரில் இறுதிப் போட்டி. நான்கு நாள் முன்னால் அரையிறுதியில் பந்தோடு சட்டென்று திரும்பும்போது என் வலது முழங்காலுக்குள் 'டக்' என்று ஏதோ நழுவியது. யாரிடமும் சொல்லவில்லை. துணிக்கட்டு போட்டு, மேலே சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டேன். மைதானத்தில் ஷாமியானாவுக்குக் கீழே, கோப்பை கொடுக்கும் கம்பெனியின் மேனேஜர் வந்து உட்கார்ந்திருந்தார். நன்றாக ஆடுகிற இரண்டு பேருக்கு வேலை என்று பேச்சு.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் எல்லோருடைய பூட்ஸையும் சோதிப்பது வழக்கம். ஆஃப்சைடு அண்ணன் என் முன்னால் குனிந்தார். பூட்ஸைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் சாக்ஸின் மேல் ஊர்ந்து முழங்காலில் நின்று ஒரு அழுத்து அழுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இது கழிச்சுப் போட வேண்டிய கால். வெளிய உக்காரு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஒண்ணும் இல்ல சார். ஆடுவேன்."

அவர் எங்கள் கேப்டன் இர்ஃபானிடம் திரும்பினார். "இவன மாத்து."

"அவன் இல்லன்னா கோல் யார் சார் போடுறது?" என்றான் இர்ஃபான். ஆளை மாற்றச் சொல்லி நடுவர் கட்டாயப்படுத்த முடியாது. அவர் விசிலை வாயில் வைத்தார்.

முதல் பத்து நிமிடம் எப்படியோ ஓடினேன். பிறகு ஒரு பந்துக்கு எம்பி இறங்கியபோது கண் இருட்டிவிட்டது. எழுந்து நொண்டினேன். மேனேஜர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. சிரித்து வைத்தேன்.

விசில். ஆஃப்சைடு அண்ணன் என்னிடம் ஓடி வந்து மஞ்சள் அட்டையை நீட்டினார். "சாக்ஸ் இறங்கிருக்கு."

"சாக்ஸுக்கு மஞ்சளா? இன்னா சார் அநியாயம்?"

"நடுவரை எதிர்த்துப் பேசற" என்று இரண்டாவது மஞ்சளைக் காட்டினார். அதே கையால் சிவப்பையும் எடுத்தார்.

மைதானம் கொதித்துவிட்டது. தண்ணீர்ப் பாட்டில் ஒன்று அவர் காதை உரசிப் போனது. இர்ஃபான் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. செயலாளர் கோட்டைத் தாண்டி ஓடி வந்து, "அண்ணே, பைனல்! மானம் போது!" என்று கத்தினார். அண்ணன் அசையவில்லை. கையை நீட்டி வெளியே வழி காட்டினார். வேலையும் என்னோடு சேர்ந்து வெளியே போவது போல இருந்தது. அழுதுகொண்டே போனேன்.

பத்துப் பேராக எங்கள் அணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடியது. எண்பத்தெட்டாவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது எங்கள் கோலுக்கு முன்னால் இர்ஃபானின் கையில் பந்து பட்டது. ஏற்கெனவே ஊரே ஆஃப்சைடு அண்ணனை அடிக்கக் காத்திருந்தது. பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். அவர் நேராகப் பெனால்டி புள்ளியைக் காட்டினார். ஒரு கோலில் தோற்றோம்.

கோப்பையும் வேலையும் எதிரணிக்குப் போயின. நான் அவர் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று சபதம் செய்தேன்.

வாரம் ஒன்று கழித்தும் வீக்கம் வற்றவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "தசைநார் பாதி கிழிஞ்சிருக்கு. இன்னொரு தடவ திரும்பியிருந்தா முழுசாப் போயிருக்கும். நல்ல நேரத்துல நிறுத்திட்டீங்க."

"நான் நிறுத்தல டாக்டர்" என்றேன்.

நடக்க முடிந்ததும் ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். டேனரி வாசலில் அவரைப் பிடித்தேன். தோல் வாசனையோடு வந்தார்.

"எனக்காகத்தான சார் வெளிய அனுப்புனீங்க?"

"யாரு சொன்னது? நீ திமிராப் பேசின. அதான் அட்டை."

"சாக்ஸ் இறங்கவே இல்ல சார்."

லாரியில் ஏறும் தோல் கட்டு ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "வீக்கம் வத்திருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கமிட்டியும் அவரை விசில் ஊதக் கூப்பிடவில்லை. "தொல்ல கம்மி" என்றார். ஆனால் ஒரு கோப்பை ஆட்டத்தையும் விட்டதில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பையனின் காலையும் உற்றுப் பார்த்து, யாராவது நொண்டினால் நடுவரைத் திட்டுவார்.

எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்து வருடங்கள் ஆகிவிட்டன. கோப்பைகள் இன்னும் பெருகிவிட்டன. அவை இருக்கட்டும் என்று நானும், பாதியை எடுத்துவிடணும் என்று அவரும் இன்றைக்கும் சண்டை போடுகிறோம். சண்டை முடியாமலே, ஞாயிறு ஆட்டத்துக்கு என் பைக்கில் ஏறிக்கொள்வார். சின்னப் பள்ளம் வந்தாலும் என் தோளை இறுகப் பிடிப்பார். அவர் பின்னால் இருந்தால் நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.